ஜாங்கோவின் நிலைத்த இணைப்பு: இரண்டு பெரும்போகத்துக்குப் பிறகு

பரந்தனில் அரிசி ஆலைக் கணக்குச் செயலியைப் பார்க்கும் நண்பர் கேட்டார்: "கான்_மேக்ஸ்_ஏஜ் போடட்டோ, வேண்டாமோ?" பைதனில் வலைச்செயலி எழுதும் கட்டமைப்பான ஜாங்கோவில், தரவுத்தள இணைப்பை எத்தனை செக்கன் திறந்தே வைத்திருக்கலாம் என்று சொல்லும் அமைப்பு அது. பதில் நீண்டுவிட்டது.

எங்கள் செயலி கிளிநொச்சி அலுவலகப் பெட்டியில் ஓடுகிறது, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் சிங்கப்பூர் கிளவுட்டில். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு என்றால் டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் மறையாக்கம், கடவுச்சொல், ஜாங்கோ தன் பங்குக்கு அனுப்பும் தொடக்கக் கட்டளைகள் என்று நாலைந்து தடவை போய்வர வேண்டும். ஒரு தடவைக்கு 50 மில்லிசெக்கன் என்று வைத்தாலும் கால் செக்கன் போச்சு. மாசியில் தராசடியில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது அந்தக் கால் செக்கன் கண்ணுக்குத் தெரியும். இணைப்பைத் திறந்தே வைத்ததும் நிறுவைப் பதிவு பட்டென்று விழத் தொடங்கியது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை விடியத்தான். முதலில் 'நன்' என்று போட்டிருந்தோம், அதாவது இணைப்புக்கு வயதே இல்லை. சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் வெட்டும் நேரமான வெயிட்_டைம்அவுட் இயல்பாக 28800 செக்கன், 8 மணித்தியாலம். பின்னேரம் 4.30க்கு அலுவலகம் பூட்டினால் நள்ளிரவு 12.30க்கு அந்தப் பக்கம் இணைப்பை வெட்டிவிடும். ஜாங்கோவுக்கு அது தெரியாது. காலை 8.30க்கு முதல் கிளிக், பிழை 2006 (இணைப்பு போய்விட்டது). மைஎஸ்கியூஎல் 8.0.24 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பென்றால் அதே சாவு 4031 என்ற எண்ணில் வரும். ரீலோட் செய்தால் சரியாகும் என்று நினைப்பீர்கள், ஆகாது. இணைப்பு த்ரெட்டுக்கு (கோரிக்கையைக் கையாளும் இழைக்கு) ஒன்று. ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன் சேவையகத்தில் 4 வேர்க்கர், ஒவ்வொன்றிலும் 4 த்ரெட் என்றால் செத்த இணைப்பு 16 வரை கிடக்கும். ஒரு த்ரெட் பிழை வாங்கிய பிறகுதான் அதன் அடுத்த கோரிக்கையில் புதிதாக இணைக்கும். பதிவாளர் பிள்ளை அமத்தி அமத்திக் களைத்துப்போகும்.

மருந்து இரண்டு. வயதை 300 செக்கன் ஆக்குங்கள். ஜாங்கோ 4.1 அல்லது அதற்குப் பிந்தியதென்றால் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் கான்_ஹெல்த்_செக்ஸ் 'ட்ரூ' என்றும் போடுங்கள். தரவுத்தளத்தைத் தொடும் கோரிக்கைக்கு ஒரு போய்வரல் கூடும், அவ்வளவுதான். குறுஞ்செய்தி அனுப்பும் பின்னணி லூப்புக்கு இது எதுவும் உதவாது. வயதைப் பார்ப்பது கோரிக்கை தொடங்கும்போதும் முடியும்போதும்தான், லூப்பில் கோரிக்கையே இல்லை. ஒவ்வொரு சுற்றின் தலையிலும், வயது முடிந்த இணைப்பை மூடும் குளோஸ்_ஓல்ட்_கனெக்‌ஷன்ஸை நீங்களே அழைக்க வேண்டும்.

இன்னொன்று, இதற்குத்தான் உண்மையில் கோபம். பற்றுச்சீட்டு எண் இரட்டிக்காமல் இருக்க கெட்_லாக் என்ற மைஎஸ்கியூஎல் பூட்டை எடுத்தால், அதைத் திறக்கும் ரிலீஸ்_லாக்கை, பிழை வந்தாலும் ஓடும் 'ஃபைனலி'க்குள் வையுங்கள். கமிட்டோ ரோல்பேக்கோ அந்தப் பூட்டைத் திறக்காது. இணைப்பு செத்தால்தான் திறக்கும், இங்கே அது உடனே சாவதில்லை. அதே த்ரெட்டுக்கு வரும் கோரிக்கை சுகமாகப் போகும், மற்றவை தொங்கும். ஒருக்கால் ஓடி ஒருக்கால் நிற்கிற பிழையைப் போல் ஆளைக் கொல்வது வேறில்லை. செட் செஷன் கட்டளையால் மாற்றிய அமைப்பும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இணைப்பு எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரே நேரத்தில் மைஎஸ்கியூஎல் ஏற்கும் உச்ச அளவான மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 151. மூன்று செயலி, 16 வீதம் 48, பிரச்சினையில்லை. யாராவது வேகம் கூட்டுவதாக நினைத்து த்ரெட்டை 16 ஆக்கினால் 192 வரை போகும், பிழை 1040 (இணைப்புகள் மிகை) கதவைத் தட்டும்.

நண்பருக்கு: உங்கள் ஆலையில் செயலியும் தரவுத்தளமும் ஒரே பெட்டியில். இயல்பான 0இலேயே (கோரிக்கைக்கு ஒரு புது இணைப்பு) விடுங்கள், தொடாதீர்கள். அப்படி ஒரே பெட்டியில் புதிதாக எழுதினால் நானும் 0 தான் போடுவேன். எங்கள் 300ஐ மட்டும் யாரும் எடுக்கச் சொல்ல வேண்டாம், மாசி வருகிறது.