சிந்தெடிக் ஆயிலும் ஃபில்டரும்: பல வருட அனுபவம்

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் கார் ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். ஆரம்பத்திலிருந்தே 5டபிள்யூ-30 ஃபுல்லி சிந்தெடிக்தான். நடுவில் பிராண்டை மாற்றியிருக்கிறேன், கிரேடை மாற்றியதில்லை. ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆயில் குறைந்து மேலே ஊற்றவேண்டி வந்ததே கிடையாது. இந்தப் பெருமையில் பாதியையாவது ஃபில்டருக்குத் தர வேண்டும் என்பது என் கருத்து. ஆயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள்கூட ஃபில்டரைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஆயில். டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கும் 'சிந்தெடிக்' என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆயிலுக்கு அடிப்படையான எண்ணெய்களைக் குரூப்களாகப் பிரித்திருக்கிறார்கள். கச்சா எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்துக் கிடைப்பது குரூப் 3. வேதிமுறையில் மூலக்கூறுகளை இணைத்துத் தயாரிக்கும் பிஏஓ, குரூப் 4. இரண்டுமே சிந்தெடிக் என்ற பெயரில் வருகின்றன. குரூப் 3 ஆயிலை காஸ்ட்ரால் சிந்தெடிக் என்று விற்றதை எதிர்த்து மொபில் எழுப்பிய விளம்பரப் புகாரில், 1999-ல் அமெரிக்க விளம்பர ஆய்வு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் நின்றது. அதற்குப் பிறகு குரூப் 3 ஆயில்களுக்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. குரூப் 3 மட்டமானது என்று இதற்குப் பொருள் இல்லை. உறைபனிக் குளிரில் பிஏஓ முந்தும். சாதாரண ஓட்டத்தில், இரண்டையும் ஊற்றிப் பார்த்த எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பார்க்க வேண்டியது டப்பாவின் பின்பக்கம். என் மேனுவல் கேட்பது ஏபிஐ எஸ்பி, அதாவது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் எஸ்பி தரம். 2020-ல் வந்த தரம் இது. டர்போ இன்ஜினில் குறைந்த ஆர்பிஎம்-மில் அழுத்தி மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு, பிஸ்டனையே உடைத்துவிடக்கூடியது. அதைத் தடுக்கவும், டைமிங் செயின் தேய்மானத்தைக் குறைக்கவும் இதில் தனிச் சோதனைகள் இருக்கின்றன. இந்த வகை இன்ஜின் வைத்திருப்பவர்கள் எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், இதில் வேண்டாம். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் வண்டி என்றால் சாம்பல் குறைவான ஆயில், உதாரணமாக ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3, கேட்டிருப்பார்கள். கிளட்சும் அதே ஆயிலில் நனையும் பைக்குகளுக்கு ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

"வண்டி பழசாயிடுச்சு, இனி 40 போடுங்க" என்ற யோசனை எல்லோரிடமிருந்தும் வரும். அந்த எண், அதாவது 5டபிள்யூ-30-ல் 30 இருக்கும் இடத்தில் வருவது, 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்வது. மேனுவலில் 40-க்கும் இடம் இருந்தால் போடலாம். ஆனால் இப்போதைய இன்ஜின்கள் பலவற்றில் வால்வு டைமிங்கை மாற்றும் வேலையையும் ஆயில் பிரஷர்தான் செய்கிறது, கெட்டித்தன்மை மாறினால் அதுவும் பாதிக்கப்படலாம். ஆயில் குறையாத இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில் எதற்கு?

இப்போது ஃபில்டர். ஒருமுறை வெளியே ஒரு சர்வீஸ் சென்டரில் போட்டுக்கொடுத்த ஃபில்டரோடு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் வந்தது. சூடான பிறகு வராது. ஆயில் கிரேடு, அளவு எல்லாம் சரியாகவே இருந்தன. ஃபில்டரை மட்டும் மாற்றினேன், மறுநாள் காலையிலிருந்து சத்தம் இல்லை. என் இன்ஜினில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருக்கிறது. இன்ஜின் நின்றதும் உள்ளே இருக்கும் ஆயில் வடிந்துபோகாமல் ஒரு ரப்பர் வால்வு தடுக்க வேண்டும். மலிவான ஃபில்டர்களில் அது பெரும்பாலும் நைட்ரைல். சூட்டில் நாளாக ஆக விறைத்துப் போகும். சிலிகான் வால்வு நெகிழ்வாகவே இருக்கும். வடிந்துவிட்டால், ஃபில்டர் நிரம்பி பிரஷர் ஏறும்வரை இன்ஜின் வறண்டு சுழலும். அன்று முதல் சிலிகான் வால்வு இல்லாத ஃபில்டரை நான் வாங்குவதில்லை.

மரையும் அளவும் பொருந்தினால் போதும் என்பதும் சரியல்ல. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலை அனுப்பும். அது எந்த பிரஷரில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். எனவே உங்கள் மாடலுக்கென்று குறிப்பிட்ட பார்ட் நம்பரையே வாங்குங்கள். '20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை வடிகட்டும்' என்று மட்டும் போட்டிருந்தால் அதில் தகவலே இல்லை. அந்த அளவுத் துகள்களில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ 4548-12 சோதனைப்படி 20 மைக்ரானில் 99 சதவீதம் என்று போட்டிருந்தால், அது நம்பி வாங்கக்கூடிய ஃபில்டர்.

மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதன் மேல் புதியதை வைத்து இறுக்கினால் ஆயில் பீறிட்டு வெளியேறிவிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே, ஃபில்டரில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

எப்போது மாற்றுவது? என் ஓட்டம் பெரும்பாலும் குறுகிய தூரம். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்தினால் பெட்ரோல் ஆயிலில் கலந்து தங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறினாலோ பெட்ரோல் வாசனை வந்தாலோ பெரும்பாலும் அதுதான் காரணம். அதனால் மேனுவலில் கடின உபயோகத்துக்குச் சொன்ன இடைவெளியைப் பின்பற்றி, ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுகிறேன். ஆயில் கறுத்ததை வைத்து முடிவு செய்வதில்லை. அழுக்கைத் தன்னில் தாங்கிக்கொள்ளும் ஆயில் கறுக்கத்தான் செய்யும். அப்புறம், சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் ஃப்ளஷ் (இன்ஜின் உள்ளே படிந்ததைக் கழுவும் திரவம்) போடலாமா என்று கேட்கிறார்கள். ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே படிவு எதுவும் இல்லை, எனவே வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன்.