ராத்திரி ஒரு மணிக்கு எதைப் போடுவது: டிஜே-கிக்ஸ், பேக் டு மைன், லேட் நைட் டேல்ஸ்

ஊர் அடங்கின பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு என்று மூன்று தொகுப்பு வரிசைகள் இருக்கின்றன. பெர்லினிலிருந்து 1995 முதல் வரும் டிஜே-கிக்ஸ், இங்கிலாந்தில் 1999-ல் தொடங்கிய பேக் டு மைன், 2001-ல் 'அனதர் லேட் நைட்' என்ற பெயரில் பிறந்து பிறகு பெயர் மாற்றிக்கொண்ட லேட் நைட் டேல்ஸ். மூன்றிலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு இசைக்கலைஞரை, பெரும்பாலும் எலெக்ட்ரானிக் ஆளை, கூப்பிட்டு, உங்களுக்குப் பிடித்த மற்றவர்களின் பாட்டுகளை ஒரு மாலையாகக் கட்டித் தாருங்கள் என்று கேட்பார்கள். ஆனால் கேட்டுப் பார்த்தால் மூன்றும் மூன்று விதமான ராத்திரி. என் ஓட்டு லேட் நைட் டேல்ஸுக்கு, அதிலும் நார்வேயின் எலெக்ட்ரானிக் இரட்டையர் ரோய்க்சாப் கோத்த 2013 ஆல்பத்துக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

ஒப்பிட வசதியாக ஒரே ஆள் இரண்டு இடத்திலும் வேலை செய்திருக்கிறார்: ஃபோர் டெட், அதாவது கீரன் ஹெப்டன். 2004-ல் லேட் நைட் டேல்ஸ், 2006-ல் டிஜே-கிக்ஸ். ரசனை அதே ரசனைதான், அந்தந்த வரிசையின் விதிதான் வேறு. டிஜே-கிக்ஸில் வழக்கமாகக் கலைஞர் தன் சொந்தப் புதுப் பாட்டு ஒன்றைச் சேர்ப்பார், இவர் 'பாக்கெட்ஸ்' என்று ஒன்று போட்டார். லேட் நைட் டேல்ஸில் இன்னொருவர் பாட்டை எடுத்துத் தன் பாணியில் செய்து தர வேண்டும், அங்கே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். இந்தச் சின்ன விதி ஆல்பத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. டிஜே-கிக்ஸில் கர்டிஸ் மேஃபீல்டின் சோல், ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களின் இசை, லண்டன் சோ சாலிட் க்ரூவின் கராஜ் என்ற நடன இசை எல்லாம் அடுத்தடுத்து வந்து 'பார், இதையும் இதையும் ஒட்ட வைத்துக் காட்டுகிறேன்' என்று நம்மை உலுக்கிக்கொண்டே இருக்கும். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கேட்டால் நான் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். 2004 தொகுப்பில் ஜாஸும் நாட்டுப்புறப் பாட்டும் ஹிப்-ஹாப்பும் தூரத்து வீட்டு வெளிச்சம் மாதிரி வந்து போகின்றன, யாரும் நம்மை எழுப்பவில்லை.

இதை வைத்து டிஜே-கிக்ஸ் முழுவதும் ஆட்டத்துக்குத்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வியன்னாவின் க்ரூடர், டார்ஃப்மைஸ்டர் இருவரும் 1996-ல் கோத்தது அதே வரிசையில்தான் வந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு. ட்ரம் அண்ட் பேஸ் என்ற வேகமான எலெக்ட்ரானிக் இசை நிமிடத்துக்குச் சுமார் 170 தட்டு ஓடும், மெதுவான ஹிப்-ஹாப் அதில் சரிபாதி, 85. மேலே ட்ரம் பறந்தாலும் அடியில் பேஸ், அதாவது கனமான தாழ்ந்த ஒலி, பாதி வேகத்தில்தான் நடக்கும். அதனால் வேகமான பாட்டையும் மந்தமான பாட்டையும் தாளம் இடிக்காமல் பக்கத்தில் வைக்கலாம், காது எந்த வேகத்தைப் பிடித்துக்கொள்கிறதோ அதுதான் பாட்டின் வேகம். களைத்த உடம்பு தானாகவே பேஸைப் பிடித்துக்கொள்ளும். ராத்திரி முழித்து வேலை பார்க்க வேண்டியிருந்தால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம், நான் பல வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

பேக் டு மைன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. க்ளப் மூடின பிறகு 'வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்' என்று நண்பர்களைக் கூட்டிவந்து போடும் பாட்டுகள், பெயரே அதுதான். நாலு பேர் இருந்தால் நன்றாக இருக்கும், தனியாகக் கேட்டால் யாரோ வராமல் போன மாதிரி இருக்கிறது. பிரிட்டனின் பாப் இரட்டையர் பெட் ஷாப் பாய்ஸ் 2005-ல் செய்தது மட்டும் விசேஷம்: நீல் டெனன்ட்டுக்கு ஒரு டிஸ்க், கிறிஸ் லோவுக்கு ஒரு டிஸ்க். ஒருவர் அமைதியைத் தேடிப் போகிறார், மற்றவர் இன்னும் டிஸ்கோவை விட்டு வரவே இல்லை.

அப்புறம் ரோய்க்சாப். ஸ்வெய்ன் பெர்கே, தோர்ப்யோர்ன் ப்ருன்ட்லாண்ட் இருவரும் நார்வேயின் வடகோடியில் ட்ரொம்சோ ஊர்க்காரர்கள். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் எழுவதே இல்லை. இரவு என்றால் என்ன என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது தொகுப்பிலேயே தெரிகிறது. பெரிய எலெக்ட்ரானிக் பெயர்கள் என்று பார்த்தால் வாஞ்சலிஸ் இருக்கிறார், சரி. மற்றபடி எழுபதுகளின் மறந்துபோன ராக், ஆக்கர் பில்க்கின் கிளாரினெட் என்று யாரும் டிஜேயிடம் எதிர்பார்க்காத சரக்கு. அவர்கள் தங்கள் பாணியில் செய்து தந்தது பிரிட்டனின் எலெக்ட்ரானிக் குழு டெப்பேஷ் மோடின் 1981 பாட்டு 'ஐஸ் மெஷின்', ஒரு சிங்கிளின் மறுபக்கத்தில் கிடந்தது. சூசன் சுண்ட்ஃபோர் பாடியிருக்கிறார், பனி மேல் நடப்பது போன்ற குரல்.

இந்தத் தொகுப்பில் என்னை உட்கார வைத்தது பிரிட்டன் பாடகர், கிட்டார் கலைஞர் ஜான் மார்ட்டினின் 'ஸ்மால் அவர்ஸ்'. 1977-ல் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் ஒரு பண்ணையில், விடியாத நேரத்தில், கிட்டார் ஒலியை ஸ்பீக்கர் வழியாக ஏரித் தண்ணீருக்கு மேல் அனுப்பி, திறந்த வெளியில் பதிவு செய்தது. ஒலி சும்மா வருவதில்லை, தண்ணீரைத் தடவிக்கொண்டு வருகிறது. கவனித்துக் கேட்டால் வாத்துகள் கத்துகின்றன, ஒரு ரயில் போகிறது. அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது ரயில் எங்கள் தெருப் பக்கம் போகிறது என்று நினைத்து ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தேன், வெளியே ஒன்றும் இல்லை. மூச்சு விட்டு மூச்சு வாங்குகிற அந்தப் பாட்டை இப்படி ஒரு தொகுப்பில் வைக்க தைரியம் வேண்டும், ஏனென்றால் அதை வைத்துக்கொண்டு கைவித்தை எதுவும் காட்ட முடியாது.

லேட் நைட் டேல்ஸில் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் ஒரு கதை வாசிப்பு வரும், ரோய்க்சாப் தொகுப்பில் நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச். குரல் நல்ல குரல்தான், ஆனால் பாட்டில் கரைந்து கிடக்கும்போது திடீரென்று ஒருவர் பேச ஆரம்பித்தால் முழிப்பு வந்துவிடுகிறது. இரண்டு தடவைக்கு மேல் நான் அதைக் கேட்டதில்லை. இதே வரிசையில் ஹூஸ்டனின் க்ருவாங்பின் குழு 2020-ல் கோத்ததையும் தேடுங்கள். பாகிஸ்தான் பாடகி நாசியா ஹசனின் 'குஷி' அதில் இருக்கிறது, நம் பக்கத்து எண்பதுகளின் டிஸ்கோ.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். நான் பாட்டு கேட்கும் செயலியில் இந்தத் தொகுப்புகள் சில இடங்களில் துண்டு துண்டாக வருகின்றன, இரண்டு பாட்டுக்கு நடுவே அரை நொடி மௌனம் விழுகிறது, ஒன்றிரண்டு பாட்டு காணாமலே போகிறது. இணைப்புக்காகவே செய்த வேலையில் இணைப்பு போய்விட்டால் மிச்சம் வெறும் பட்டியல்தான். தொடர்ச்சியான மிக்ஸ் ஒரே நீளமான ட்ராக்காகக் கிடைத்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் பழைய சிடி தேடுங்கள்.