நட்சத்திரத்தை அளக்க: ஒளியைக் கலப்பதா, சிக்னலை ஒப்பிடுவதா?

திருவாதிரை நட்சத்திரத்தின் கோண அகலம் 0.047 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்று இயற்பியலாளர் மைக்கேல்சனும் வானியலாளர் பீஸும் 1920-இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் அளந்தார்கள். 20 அடிச் சட்டத்தில் கண்ணாடிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, இரு பக்க ஒளியையும் ஒன்றாகக் கலந்து, அப்போது தோன்றும் வெளிச்சமும் இருளுமான குறுக்கீட்டுப் பட்டைகள் எந்த இடைவெளியில் மறைகின்றன என்று பார்த்தார்கள்; அந்த இடைவெளியிலிருந்து அகலம் கிடைக்கும். இன்று அதே மலையில் இருக்கும் 'சாரா' அமைப்பும் ஒளியைக் கலக்கிறது. ஆறு 1 மீட்டர் தொலைநோக்கிகள், 331 மீட்டர் வரை இடைவெளி, ஒளி வருவதற்கு வெற்றிடக் குழாய்கள். பாதைகளின் நீளம் மைக்ரான் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். காற்று கலங்கினால் பட்டைகளும் ஆடும்.

பின்னர் வந்த ஆய்வாளர்கள் ஹான்பரி பிரவுனும் ட்விஸ்ஸும் ஒளியைக் கலக்கவே இல்லை. தொலைநோக்கிக்கு ஒரு ஃபோட்டோமல்டிப்ளையர், அதாவது ஒளியை மின்னோட்டமாக்கும் கருவி. இரண்டின் மின்னோட்ட ஏற்ற இறக்கமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். ஒளியின் செறிவை மட்டும் ஒப்பிடுவதால் இது செறிவு முறை. தொலைநோக்கிகளைத் தள்ளி வைக்க வைக்க ஒற்றுமை குறையும். அகலமான நட்சத்திரம் என்றால் சீக்கிரமே குறைந்துவிடும். சிக்னல்கள் நானோவிநாடி அளவில் ஒத்துப்போனால் போதும்; ஒரு நானோவிநாடியில் (விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஒளி போகும் தூரம் 30 சென்டிமீட்டர். பாதையில் சில சென்டிமீட்டர் பிசகினாலும் பாதகமில்லை.

ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் அவர்கள் கட்டியது எனக்கு மிகவும் பிடித்த கருவி. 188 மீட்டர் விட்டத்தில் வட்டத் தண்டவாளம். அதன்மேல் இரண்டு 6.5 மீட்டர் தட்டுகள், ஒவ்வொன்றிலும் சுமார் 250 அறுகோணக் கண்ணாடிகள். நட்சத்திரம் வானில் நகர நகரத் தட்டுகளும் தண்டவாளத்தில் நகரும். இரண்டையும் இணைக்கும் கோடு எப்போதும் நட்சத்திரத் திசைக்குச் செங்குத்தாக இருப்பதால், ஒளி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும். படம் எடுக்கும் தரத்தில் கண்ணாடி தேவைப்படவில்லை, ஒளி குவிந்தால் போதும். 1974-க்குள் 32 நட்சத்திரங்களை அளந்துவிட்டார்கள்.

ஆனால் இந்த முறைக்கு ஒளிப்பசி அதிகம். நராப்ரி 2.5 ஒளித்தரத்துக்கு (நட்சத்திரப் பிரகாச அளவு; எண் கூடக் கூட மங்கல்) மேல் மங்கியதைத் தொட முடியவில்லை. திருவாதிரை பிரகாசம்தான், ஆனால் குளிர்ந்தது, அகலமும் அதிகம்; அங்கே சரிப்படாது. அலையின் கட்டமும் (அலை ஏற்றத்தில் இருக்கிறதா இறக்கத்தில் இருக்கிறதா என்பது) பதிவாகாததால் உருவப்படம் எடுப்பது கடினம். அடுத்த கருவிக்குச் சிட்னி குழு ஒளியைக் கலக்கும் முறைக்கே திரும்பியது. அன்றைய மின்னணுவியலுக்கு அது சரியான முடிவுதான்.

இன்று நிலைமை வேறு. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள 'வெரிட்டாஸ்' தொலைநோக்கி அமைப்பு விண்ணிலிருந்து வரும் காமா கதிருக்காகக் கட்டப்பட்டது, நான்கு 12 மீட்டர் தட்டுகள். நிலா வெளிச்சத்தில் காமா வேலை சரியாக நடக்காது. அப்படிப்பட்ட இரவுகளில் செறிவு முறையில் ஓரியன் பட்டையின் நடு நட்சத்திரத்தை அளந்தார்கள்: சுமார் 0.63 மில்லி வில்விநாடி. ஒவ்வொரு தட்டின் சிக்னலும் தனித்தனியாகப் பதிவாகி, அப்புறம் கணினியில் ஒப்பிடப்பட்டது.

மங்கலான, சிவந்த நட்சத்திரம் என்றால் நான் 'சாரா' பக்கம். சூடான நீல நட்சத்திரம் என்றால் செறிவு முறைதான்: அவை கோணத்தில் மிகச் சிறியவை, நீண்ட இடைவெளி கேட்பவை. ஒரு கிலோமீட்டருக்கு வெற்றிடக் குழாய் போடுவதைவிடக் கேபிள் இழுப்பது எவ்வளவோ சுலபம்.