மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு: குவெரி வழியாகவே நாலு வருடம்

எங்கள் சந்தாதாரர் விவரங்கள் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் இருந்தன. புதிய மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் வந்தது. பழையதை உடனே நிறுத்த முடியாது, இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். முதலில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பாக எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தேன். யாராவது முகவரியை இரண்டு வரியாக அடித்திருந்தால் நெடுவரிசை எல்லாம் இடம் மாறிவிடும். அப்புறம்தான், மைஎஸ்க்யூஎல் டேபிள்களைப் போஸ்ட்கிரெஸிலிருந்தே குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) போட்டுப் படிக்க வைக்கும் மைஎஸ்க்யூஎல் எஃப்டிடபிள்யூ நீட்சிக்கு மாறினேன். நாலு வருடமாக தினமும் இரவில் அதுதான் ஓடுகிறது.

சர்வர் விவரம், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒருமுறை கொடுத்து 'இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா' ஓட்டினால், அந்தப் பக்கத்து டேபிள்கள் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே தெரியும். பிறகு, அங்கிருந்து எடுத்து இங்கே ஏற்ற ஒரே 'இன்சர்ட் இன்டு செலக்ட்' கட்டளை. ஏற்றும் முன்பே செலக்ட் போட்டுப் பார்க்கலாம், இரண்டு பக்கத்தையும் ஜாயின் செய்து (இணைத்து) விடுபட்டவர் யார் என்று கேட்கலாம். இது ஒன்றுக்காகவே நான் சிஎஸ்விக்குத் திரும்ப மாட்டேன்.

என்னை அதிகம் அலையவிட்டது தமிழ்ப் பெயர்கள்தான். பழைய டேபிள், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியாக்கத்தில் இருந்தது. உள்ளே இருந்ததோ, தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தின் பைட்டுகள். பழைய செயலியும் லத்தீன்1 ஆகவே இணைந்ததால் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. எஃப்டிடபிள்யூ வழியாக எடுத்ததும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் ஐரோப்பிய எழுத்துகளுமாக வந்தது. மைஎஸ்க்யூஎல் பக்கத்திலேயே ஒரு வியூ (டேபிள் போலப் படிக்கக்கூடிய, சேமித்து வைத்த குவெரி) எழுதி, பெயரை முதலில் பைனரியாக மாற்றி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8க்கான பெயர்) ஆக்கினேன். போஸ்ட்கிரெஸில் தெரியும் ஃபாரின் டேபிளை அந்த வியூவின் மேல் வைத்ததும் சரியானது.

சில பெயர்கள் மட்டும் சரியாகவில்லை. யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து, துணைக்குறி, மெய்ப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'சிவசுப்பிரமணியன்' மட்டுமே 48 பைட். முன்னால் 'மு.' வந்தால் 55. பெயர் நெடுவரிசையின் அளவு 50 பைட், அதனால் கடைசி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அவற்றைக் காகிதப் படிவங்களைப் பார்த்துத்தான் நிரப்பினேன். ஒருவர் பெயரை அரைகுறையாக வைத்துக்கொண்டு அவருக்குக் கடிதம் அனுப்ப மனம் வரவில்லை.

பூஜ்யமாக நிரப்பிய தேதிகளைப் போஸ்ட்கிரெஸ் ஏற்காது. அவற்றையும் அதே வியூவிலேயே 'நல்' (null, மதிப்பில்லாதது) ஆக்கிவிட்டேன்.

வேகம் குறைந்தால், எந்த வரிகள் வேண்டும் என்று குவெரியில் சொல்லும் 'வேர்' (where) நிபந்தனையைப் பாருங்கள். தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றி எழுதியிருந்தேன். நிபந்தனை அந்தப் பக்கம் போகவே இல்லை. முழு டேபிளும் இங்கே வந்து, இங்கேதான் வடிகட்டப்பட்டது. 'எக்ஸ்ப்ளெயின் வெர்போஸ்' ஓட்டினால் மைஎஸ்க்யூஎல்லுக்குப் போகும் குவெரி அப்படியே தெரியும். நேரடியாகத் தேதியைக் கொடுத்து எழுதியதும், மாறிய வரிகள் மட்டும் வரத் தொடங்கின.

போஸ்ட்கிரெஸின் பெரிய பதிப்பை மாற்றும்போது அதற்கேற்ற நீட்சியும் தயாராக இருக்க வேண்டும். நான் அதை முதலில் சோதனைச் சர்வரில் போட்டுப் பார்த்துவிடுவேன்.

இன்னொன்று: பழைய எண்களோடு வரிகளை ஏற்றினால், புது வரிக்கு அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் தானாக நகராது. முதல் முறை ஏற்றிய மறுநாள் காலை, புதுச் சந்தாதாரரைப் பதிந்ததும் 'டூப்ளிகேட் கீ' என்று நின்றுவிட்டது. இப்போது இரவு வேலையின் கடைசி வரியே, சீக்வென்ஸை நகர்த்தி வைக்கும் செட்வால்தான்.