பெண் எலிகளைக் கூட்டமாக வைத்துக் குட்டி எடுப்பது: சண்டை விஷயத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை

வளர்ப்பு எலிகளில் ஆண்கள்தான் அடித்துக்கொள்ளும், பெண்கள் எத்தனை இருந்தாலும் ஒத்துப்போகும் என்று சொல்வார்கள். குட்டி எடுக்காத வரைக்கும் அது பெரும்பாலும் சரிதான். எடுக்க ஆரம்பித்துவிட்டால், நேற்றுவரை ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கிய இரண்டு பெண்கள் இன்றைக்கு ரத்தம் வர அடித்துக்கொள்ளும். சில வருடங்களாகப் பெண் கூட்டம் வைத்து அதிலிருந்தே குட்டி எடுத்து வருகிறேன், அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் எது சண்டை, எது சண்டை இல்லை என்பது. கீச்சென்று சத்தம் வந்தாலே ஓடிப்போய்ப் பிரித்து வைப்பவர்கள்தான் அதிகம், அது வேண்டாத வேலை. விளையாட்டில் எலி குறிவைப்பது பிடரியை, உண்மையான சண்டையில் இடுப்பையும் பின்பக்கத்தையும். ஒன்றை மல்லாக்கத் தள்ளி மேலே ஏறி நிற்பது, பின்னங்கால்களில் நிமிர்ந்து கைகளால் தள்ளிக்கொள்வது, வலுக்கட்டாயமாக மூஞ்சியை நக்கிச் சுத்தம் செய்வது, இதெல்லாம் யார் பெரியவள் என்று முடிவு செய்யும் வழக்கமான பேச்சுவார்த்தை. கத்துகிற எலி பாதி நேரம் நாடகம் போடுகிறது. நான் எழுந்து போவது எப்போது என்றால், முடியெல்லாம் சிலிர்த்து உடம்பு இரண்டு மடங்காகத் தெரிய, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து நெருக்கி, வாலை ஆட்டிக்கொண்டு புஸ்ஸென்று மூச்சு விடும்போதுதான். அந்த நேரத்தில் சத்தம் குறைவாகவே இருக்கும். பயந்துபோன எலி போடும் நீண்ட கூப்பாடு 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அது நம் காதில் விழவே விழாது. அதனால் காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

இன்னொரு குழப்பம் பருவம். பெண் எலி 4-5 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், சுமார் அரை நாள், பெரும்பாலும் ராத்திரியில். காது படபடவென்று துடிக்கும், விட்டு விட்டுப் பாயும், முதுகில் தொட்டால் வளைத்துக் கொடுக்கும், மற்ற பெண்கள் அதன் மேல் ஏறும். கூண்டே அதிரும். இதைப் பார்த்து சண்டை என்று நினைத்துக் கூட்டத்தைக் கலைத்தால், திரும்பச் சேர்க்கும்போதுதான் நிஜமான சண்டை ஆரம்பிக்கும். காலையில் எல்லாம் சரியாகிவிடும், விட்டுவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சினைக்காலம் 21 முதல் 23 நாள். குட்டி போடுவதற்குச் சில நாள் முன்பே சினை எலியைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிட வேண்டும், என் அனுபவத்தில் மற்ற எல்லா உபாயங்களையும் கூட்டினாலும் இந்த ஒன்றுக்கு ஈடில்லை. அதுவே காகிதத்தையும் துணியையும் இழுத்துக் குவித்துக் கூடு கட்டத் தொடங்குவதைப் பார்த்தால், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று அர்த்தம். குட்டி பிறந்த முதல் ஒரு வாரம், பத்து நாள் தாயின் ஆக்ரோஷம் உச்சத்தில் இருக்கும். கூட்டத்தில் எல்லோருக்கும் அடங்கிப்போகிற சாதுப் பெண்கூட அந்த நாட்களில் தலைவியையே புரட்டி எடுத்துவிடும், உங்கள் விரலையும் விடாது. குட்டிகள் ஏறக்குறைய 14-ஆம் நாளில் கண் திறக்கும், அதற்குப் பிறகு வேகம் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். இதைக் கெட்ட குணம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. பழக்கமில்லாத பெண் எலி கைக்குட்டிகளைக் கொல்லும் என்பது தெரிந்த விஷயம்தான், அப்படி இருக்கும்போது தாய் கடிக்கத்தானே செய்யும்?

தனிக் கூண்டை கூட்டத்தின் கூண்டோடு ஒட்டி வைக்கவும் வேண்டாம். வாசனை விட்டுப்போகாது என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். கம்பி வழியாக மூக்கும் கால்விரலும் கடிபடும், தாயும் நாள் முழுக்கக் காவல் காத்தே களைத்துப்போகும். நான் கொஞ்சம் தள்ளி வைத்து, அதன் பழைய துணியை மட்டும் எப்போதாவது கூட்டத்தின் கூண்டில் போடுகிறேன்.

இரண்டு தாய்களைச் சேர்த்து வைக்கலாமா என்பதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஒன்றாக வளர்ந்த சகோதரிகள், ஓரிரு நாள் இடைவெளியில் ஈனுகிறார்கள் என்றால் இரண்டு ஈற்றையும் ஒரே கூட்டில் போட்டு மாறி மாறிப் பால் கொடுக்கும், ஒன்றுக்குப் பால் போதவில்லை என்றாலும் மற்றது சமாளிக்கும், பார்க்கவே நிறைவாக இருக்கும். ஒரு வாரம் இடைவெளி விழுந்தால் கதை வேறு. பெரிய குட்டிகள் முலையைப் பிடித்துக்கொள்ள, சின்னதுகள் வயிறு காய்ந்து கிடக்கும். ஒரு தாய் மற்றதன் குட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும், இரண்டும் ஒரே குட்டியைப் பிடித்து இழுப்பதும் நடக்கும். தேதி பொருந்தவில்லை என்றால் தனித்தனிதான்.

ஆணை, குட்டி பிறப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் மறுபடியும் பருவத்துக்கு வரும், ஆண் அங்கேயே இருந்தால் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினை. அப்படிக் களைத்த தாய் எல்லோர் மேலும் பாயும், அதற்கு மருந்து கிடையாது, ஓய்வுதான். ஆண் குட்டிகளையும் 5 வாரத்துக்குள் பிரித்தாக வேண்டும்.

குட்டிகள் பால் மறந்த பின் தாயைக் கூட்டத்தில் சேர்ப்பது தனி வேலை. அது இல்லாத நாட்களில் அங்கே வரிசை மாறியிருக்கும். நேராகப் பழைய கூண்டில் விடாமல், யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் முதலில் சந்திக்க வைத்து, கூண்டை நன்றாகக் கழுவி, உள்ளே இருப்பதை இடம் மாற்றி வைத்து, அப்புறம் எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு உருட்டலோடு முடியும். சின்னப் பெட்டியில் சேர்த்து அடைத்துப் பழக்கும் முறை சாதாரண பெண்களுக்குப் பலித்தது; சினையான எலிக்கோ குட்டி உள்ளதற்கோ அதை நினைக்கக்கூட மாட்டேன். வெண்ணிலா எசன்ஸ் தடவி வாசனையை ஒன்றாக்குவது எனக்குப் பலிக்கவில்லை, வெண்ணிலா வாசனையோடு அடித்துக்கொண்டன, அவ்வளவுதான். தண்ணீர் பீய்ச்சி மிரட்டுவது பயத்தைத்தான் கூட்டும். பிரிக்கும்போது கையை விடாதீர்கள், கெட்டியான துண்டைப் போர்த்தி ஒன்றை எடுங்கள்.

கூண்டுச் சாமான்களில் பெரிய வித்தியாசம் காட்டியது ஒரு வாசல் வீடுகளைத் தூக்கிப் போட்டதுதான். மூலையில் மாட்டிய எலிதான் கடிபடுகிறது. இரண்டு வாசல் உள்ள வீடு, இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரே கிண்ணத்தில் வைக்காமல் பரவலாகத் தூவிய தீனி, இவ்வளவு போதும்.

குணம் பரம்பரையாக வருகிறதா என்றால், வருகிறது. 1972-இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் மரபியல் விஞ்ஞானி பெல்யாயேவின் குழு காட்டு எலிகளைப் பிடித்து, சாதுவானதைச் சாதுவோடும் மூர்க்கமானதை மூர்க்கத்தோடும் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக எடுத்தபோது, இரண்டு வேறு இனங்களோ என்று நினைக்கும்படி ஆகிவிட்டன. அதனால் சினையும் இல்லை, குட்டியும் இல்லை, ஆனாலும் கூட்டாளிகளைக் கிழிக்கிறது என்றால் அந்தப் பெண்ணிலிருந்து நான் குட்டி எடுப்பதில்லை, நிறம் எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் சரி. குட்டிக்காகக் கடித்ததை மட்டும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவ்வளவு நாள் சாந்தமாக இருந்த நடுவயதுப் பெண் திடீரென்று மாறினால் குணத்தைத் திட்டுவதற்கு முன் உடம்பைத் தடவிப் பாருங்கள். மார்புக் கட்டி பெண் எலிகளில் மிகச் சாதாரணம், காதுத் தொற்று, பல் வலி, கருப்பைக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். கண், மூக்கைச் சுற்றி ரத்தம் போலச் சிவப்பாகக் கசிந்தால் அது போர்பிரின் என்ற நிறமி, கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வருவது, அடிபட்டதில்லை, ஆனால் உடம்போ மனசோ சரியில்லை என்று காட்டும். எலி பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். ஹார்மோன்தான் காரணம் என்றால் கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில பெண்கள் அடங்கிவிடுகின்றன. காயம் முழுக்க ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகு, முன்பு சொன்ன அதே முறையில் திரும்பக் கூட்டத்தோடு சேர்க்கலாம்.