'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்': பல ஆண்டுகள் கேட்ட பிறகு

உரத்த, கனமான ராக் இசை வகையான ஹெவி மெட்டலின் தலைசிறந்த ஆல்பங்கள் என்று பேச்செடுத்தால், அயர்ன் மெய்டன் என்ற ஆங்கிலேய இசைக்குழு 1982 மார்ச்சில் வெளியிட்ட 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' தவறாமல் இடம்பெறும். கேசட், சிடி, ஸ்ட்ரீமிங் என வடிவங்கள் மாறியும் இந்த ஆல்பத்தை நான் விடாமல் கேட்டு வருகிறேன். அதற்குக் கிடைத்திருக்கும் புகழ் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் 8 பாடல்களும் அந்தப் புகழுக்கு உரியவை என்று சொல்ல முடியாது.

முதல் பாடலான 'இன்வேடர்ஸ்' வேகத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. அதன் பல்லவி மனத்தில் தங்குவதில்லை. 'கேங்லேண்ட்' அதைவிடவும் பலவீனமானது. கிளைவ் பரின் துடிப்பான டிரம்ஸ் வாசிப்பை நீக்கிவிட்டால் அதில் கேட்பதற்கு அதிகமில்லை. அதே காலத்தில் பதிவான 'டோட்டல் எக்லிப்ஸ்' என்ற கனமான பாடலோ, ஆல்பத்தில் இடம்பெறாமல், 'ரன் டு தி ஹில்ஸ்' பாடலுக்காகத் தனியே வந்த இசைத்தட்டின் (சிங்கிள்) மறுபக்கத்துக்குப் போய்விட்டது. 2022இல் வந்த 40ஆம் ஆண்டு வினைல் பதிப்பில் 'கேங்லேண்ட்' நீக்கப்பட்டு அந்த இடத்தில் 'டோட்டல் எக்லிப்ஸ்' சேர்க்கப்பட்டது. தாமதமானாலும் அது சரியான முடிவு.

இத்தனை குறைகளையும் தாண்டி ஆல்பத்தைத் தாங்கி நிற்பது, முந்தைய பாடகர் பால் டியானோவுக்குப் பதிலாக வந்து சேர்ந்த புரூஸ் டிக்கின்சனின் குரல். தலைப்புப் பாடலின் அடங்கிய தொடக்க வரிகளைத் தயாரிப்பாளர் மார்ட்டின் பிர்ச் அவரைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். அந்தச் சலிப்பும் சேர்ந்து வெடித்ததுதான் அதையடுத்து வரும் நீண்ட அலறல். எத்தனை முறை கேட்டாலும் அதன் கூர்மை மழுங்கவில்லை. 'சில்ட்ரன் ஆஃப் தி டேம்ட்' பாடலில் அதே குரல் மென்மையாகத் தொடங்கி, அவசரப்படாமல் உச்சத்தை அடைகிறது.

எனினும் இந்த ஆல்பத்தின் புகழை ஒரே பாடலை வைத்து நிறுவச் சொன்னால், கடைசிப் பாடலான 'ஹாலோவ்ட் பி தை நேம்' எனக்குப் போதும். தூக்குமேடைக்குப் போகவிருக்கும் ஒருவனின் இறுதி நேரத்தை 7 நிமிடங்களுக்கு மேல் சொல்லும் இப்பாடல் மணியோசையுடன் மெதுவாகத் தொடங்குகிறது. அவனுடைய அச்சமும் மறுப்பும் மரணத்தை ஏற்கும் மனநிலையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது இசையும் அவற்றுக்கேற்ப உருமாறுகிறது. டேவ் மரே, ஏட்ரியன் ஸ்மித் இருவரின் கிட்டார்களும் இணைந்து ஒலிக்கும் பகுதிகளில் வேகம் கூடுகிறதே தவிர மெட்டு சிதைவதில்லை. ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிட்டார் பின்னணியில் ஒளிந்துகொள்ளாமல் தனக்கென ஒரு மெட்டைச் சொல்லிக்கொண்டே போவதை நல்ல ஹெட்போனில் கேட்கும்போது தெளிவாக உணரலாம். முதலில் என்னைக் கவர்ந்தது குரல்தான். இப்போது அந்தப் பேஸைப் பின்தொடர்ந்தே முழுப் பாடலையும் கேட்கிறேன்.

அதே குழுவின் 1984ஆம் ஆண்டு ஆல்பமான 'பவர்ஸ்லேவ்' இதைவிடச் சீரான ஆல்பம் என்பது என் கருத்து. ஆனாலும் மெட்டல் இசைக்குப் புதிதாக வருவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்'தான்: 'கேங்லேண்ட்' பாடலைத் தாண்டிவிடுங்கள், மற்றபடி பாடல் வரிசையைக் கலைக்காதீர்கள், கடைசிப் பாடலை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.