பைடெஸ்ட்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் அதன் இயல்புநிலை அமைப்புகளைப் பற்றி

புதிதாகத் தொடங்கும் பைத்தான் திட்டம் ஒன்றுக்கு எந்தச் சோதனைக் கருவியை எடுத்துக்கொள்ளலாம், அதில் எந்த அமைப்புகளை முதல் நாளே மாற்றிவிட வேண்டும் என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எட்டு ஆண்டுகளாக நாள்தோறும் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியோடு வேலை செய்பவன் என்பதால், இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நிறைகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே 'டிஸ்ட்' என்ற கோப்புறையின் நினைவு வந்தது; ஆறிவிட்டதாக நான் நினைத்திருந்த கோபமும் கூடவே வந்தது.

எங்கள் அணி மொத்த வியாபாரிகளுக்கான சரக்கு இருப்பு மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறது. கிடங்கிலிருந்து கடைகளுக்குச் சரக்கைப் பிரித்தனுப்பும் பகுதியை நாங்கள் டிஸ்ட்ரிபியூஷன் என்று சொல்வது வழக்கம். ஆகவே அதற்கான சோதனைகளை வைக்கும் கோப்புறைக்கு எங்களில் ஒருவர் 'டிஸ்ட்' என்று சுருக்கமாகப் பெயரிட்டார். அதில் 41 சோதனைகள் சேர்ந்தன. எழுதியவர் ஒவ்வொரு கோப்பையும் அதன் பெயரைக் கொடுத்துத் தனியாக ஓட்டிப் பார்த்து, எல்லாம் தேர்ச்சி பெற்ற பிறகே சேர்த்தார். ஆனால் முழுத் தொகுப்பையும் ஓட்டும்போது அந்த 41-இல் ஒன்றுகூட ஓடவில்லை என்பது ஐந்து மாதம் வரை எங்களில் எவருக்கும் தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில், கடையிலிருந்து திரும்பி வந்த சரக்கு இரண்டு முறை இருப்பில் ஏறிவிட்டது என்று புகார் வந்தபோது, அதற்குச் சோதனை இருக்கிறது, அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று வாடிக்கையாளரிடம் உறுதியாகச் சொன்னவன் நான்தான்.

நடந்தது இதுதான். சோதனைகளைத் தேடிக் கோப்புறை கோப்புறையாக இறங்கும் பைடெஸ்ட், எவற்றுக்குள் இறங்கக் கூடாது என்பதற்கு 'நோரிகர்ஸ்டிர்ஸ்' என்றொரு பட்டியலை வைத்திருக்கிறது. புள்ளியில் தொடங்கும் பெயர்கள், பில்ட், டிஸ்ட், நோட் மாட்யூல்ஸ், வென்வ், பழைய காலத்து சிவிஎஸ் ஆகியவை நாம் எதுவும் எழுதாமலேயே அதில் இடம்பெறுகின்றன. இதற்கு நியாயமான காரணம் உண்டு. பைத்தான் நிரலைப் பொதியாக்கும் செட்டப்டூல்ஸ், திட்டத்தின் மேல்மட்டத்தில் பில்ட், டிஸ்ட் என்ற பெயர்களில் கோப்புறைகளை உருவாக்குகிறது. பில்டுக்குள் நிரலின் நகல் கிடக்கும் என்பதால், அங்கேயும் இறங்கினால் ஒரே சோதனை இரண்டு இடத்தில் அகப்படும். ஆனால் பட்டியலில் உள்ள பெயர் மேல்மட்டத்தில் இருக்கிறதா, சோதனைகளுக்கு நடுவே மூன்றாவது அடுக்கில் இருக்கிறதா என்று கருவி பார்ப்பதில்லை. பெயர் பொருந்தினால் போதும், விட்டுவிடுகிறது. விட்டதை அறிக்கையில் ஒரு சொல்லாலும் தெரிவிப்பதில்லை. நாமே தவிர்க்கச் சொன்ன சோதனைகள் 'ஸ்கிப்' என்ற எண்ணிக்கையில் வரும். இவை எந்த எண்ணிக்கையிலும் வருவதில்லை. கோப்பின் பெயரை நேரடியாகக் கொடுத்தால் பட்டியல் குறுக்கிடாது என்பதால், எழுதியவரின் கணினியில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஒரு சோதனையும் அகப்படவில்லை என்றால் ஓட்டம் முடியும்போது 5 என்ற தனி முடிவு எண்ணை (எக்ஸிட் கோடு) தந்து எச்சரிக்கத் தெரிந்த கருவி, ஒரு கோப்புறை முழுவதையும் தாண்டிப் போகும்போது மட்டும் மௌனமாக இருப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். பைடெஸ்ட்டின் இயல்புநிலைகளில் பெரும்பாலானவை, சோதனை எழுதுபவரின் கையோட்டத்தை அறிந்தவர்கள் தேர்ந்தெடுத்தவை. பைத்தானோடு சேர்ந்தே வரும் சோதனைக் கருவியான யூனிட்டெஸ்ட்டில் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் தனித்தனி முறைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்த இடத்தில், இங்கே 'இது உண்மையாக இருக்க வேண்டும்' என்று சொல்லும் பைத்தானின் வெறும் 'அசெர்ட்' வரி போதும். சோதனைக் கோப்பு ஏற்றப்படும்போதே அந்த வரியைக் கருவி உள்ளே மாற்றி எழுதிக்கொள்வதால், தோல்வியின்போது இரு பக்கத்து மதிப்புகளும், நீண்ட பட்டியல்கள் என்றால் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்பதும் கண் முன்னே வந்து நிற்கின்றன. நிரல் அச்சிடும் வெளியீட்டைப் பிடித்து வைத்து, தோற்ற சோதனைக்கு மட்டும் காட்டுவதும், தற்காலிகக் கோப்புறைகளைக் கடைசி மூன்று ஓட்டங்களுக்கு அழிக்காமல் வைத்திருப்பதும் அதே அக்கறையின் வெளிப்பாடுகள். நள்ளிரவில் தோற்ற ஒரு சோதனையின் கோப்புகளைக் காலையில் திறந்து பார்க்க முடிந்த ஒவ்வொரு முறையும், இந்தக் கருவியை உருவாக்கியவர்களுக்கு மனதாரக் கடமைப்பட்டதாக உணர்ந்திருக்கிறேன்.

இவ்வளவு அக்கறை உள்ள கருவி, பிழை நம்முடைய எழுத்துப்பிழையாக இருக்கும்போது மட்டும் தளர்ந்துவிடுகிறது. சோதனைகளை வகைப்படுத்த அவற்றுக்குக் குறி இடலாம்; 'ஸ்லோ' என்று குறி இடுவதற்குப் பதிலாக எழுத்தை மாற்றித் தட்டிவிட்டால், அது அறியாத குறி என்று ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். நூறு எச்சரிக்கைகளுக்கு நடுவே அதை யார் படிக்கிறார்கள்? (ஒரே சோதனையைப் பல மதிப்புகளோடு ஓட்டச் சொல்லும் 'பாராமெட்ரைஸ்' என்ற குறிக்கான வழக்கமான சில எழுத்துப்பிழைகளை மட்டும் பைடெஸ்ட் அடையாளம் கண்டு நிறுத்துகிறது, அந்தக் கண்டிப்பு மற்றவற்றுக்கும் கிடைத்திருக்கலாம்.) கட்டமைப்புக் கோப்பில் ஓர் அமைப்பின் பெயரைத் தவறாக எழுதினாலும் இதே கதைதான். தோற்கும் என்று நாம் குறித்து வைத்த சோதனை ஒரு நாள் தேர்ச்சி பெற்றுவிட்டால், அதையும் வெற்றியாகவே கணக்கிட்டுக் கடந்துவிடுகிறது. பைத்தானின் சொந்த யூனிட்டெஸ்ட் 3.4 பதிப்பிலிருந்து அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்கிறது.

2025-இல் வந்த 9.0 பதிப்பில், 'ஸ்ட்ரிக்ட்' என்ற ஒரே அமைப்பை இயக்கினால் குறிகள், கட்டமைப்புப் பெயர்கள், எதிர்பாராத தேர்ச்சி, பாராமெட்ரைஸ் அடையாளங்கள் ஆகிய நான்கிலும் கண்டிப்பு வந்துவிடுகிறது. இதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆயினும் அதையும் நாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எண்ணற்ற பழைய திட்டங்கள் ஒரே நாளில் உடைந்துவிடக் கூடாது என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கண்டிப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அந்தப் புதியவர்தான் இப்படியோர் அமைப்பு இருப்பதையே அறியாதவர். நோரிகர்ஸ்டிர்ஸ் பட்டியலையோ அந்த அமைப்பும் தொடுவதில்லை.

ஆகவே நண்பருக்கு அனுப்பிய கட்டமைப்புக் கோப்பில் ஸ்ட்ரிக்ட் அமைப்பை இயக்கி, சோதனைகள் இருக்கும் இடத்தை 'டெஸ்ட்பாத்ஸ்' வழியாகத் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகு நோரிகர்ஸ்டிர்ஸ் பட்டியலை 'டிஸ்ட்' இல்லாமல் நானே எழுதினேன். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாம் எழுதும் பட்டியல் பழையதோடு சேர்வதில்லை, பழையதை முழுவதுமாக நீக்கிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது, எனவே தவிர்க்க வேண்டிய மற்றப் பெயர்களை மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும். சோதனைக் கோப்புகளைக் கருவி ஏற்றிக்கொள்ளும் இறக்குமதி முறையை 'இம்போர்ட்லிப்' என்று மாற்றினேன். இல்லாவிட்டால் இரு வேறு கோப்புறைகளில் ஒரே பெயருள்ள சோதனைக் கோப்புகள் மோதிக்கொள்ளும். எச்சரிக்கைகள் அனைத்தையும் பிழையாக்கும் வரியையும் சேர்த்தேன். விலக்குகளை அதற்குக் கீழேதான் எழுத வேண்டும், ஏனெனில் பொருந்துபவற்றில் கடைசியாக வருவதே செல்லும். அணியில் இந்த வரிக்கு எதிர்ப்பு வரும். எங்கள் அணியிலும் வந்தது, ஒரு மாதத்தில் அடங்கியது.

மதிப்பெண்ணும் கேட்டிருந்தார். ஐந்துக்கு இரண்டு என்று எழுதினேன். எட்டு ஆண்டுகள் பயன்படுத்திய ஒன்றுக்கு இது குறைவு என்று அவர் வியந்தார். வேறு கருவிக்கு நான் மாறப்போவதும் இல்லை, அவரை மாறச் சொல்லவும் இல்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் நான் கொடுத்த அந்த உறுதிமொழியை நினைக்கும்போது, அதற்கு மேல் ஒரு மதிப்பெண் தரக் கை வரவில்லை.

அந்தக் கோப்புறையின் பெயரை நாங்கள் மாற்றவில்லை. இப்போது மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஒவ்வொரு ஓட்டத்திலும் (பில்ட்) சோதனைகளை ஓட்டுவதற்கு முன், அவற்றை எண்ண மட்டும் செய்யும் படி ஒன்று உண்டு. முந்தைய நாளின் எண்ணிக்கையைவிடக் குறைந்தால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். புதிதாகச் சேர்பவர்கள் 'டிஸ்ட்' என்ற பெயரை மாற்றிவிடலாமே என்று கேட்கும்போது, அந்தப் படியைக் காட்டி, அது ஏன் வந்தது என்பதைச் சொல்கிறேன்.